பழைய சைக்கிளுக்கு வேறு ஹேண்டில்பார்: எதை அளப்பது, எதை வாங்குவது, எப்படி மாட்டுவது

பழைய சைக்கிளைப் பிரித்துப் புதுப்பிக்கும்போது பலரும் முதலில் மாற்ற நினைப்பது ஹேண்டில்பாரைத்தான். குனிந்து ஓட்டி முதுகு வலிக்கிறது, உள்ளங்கை மரத்துப்போகிறது, அல்லது அந்த வடிவமே பிடிக்கவில்லை. காரணம் எதுவானாலும், படத்தைப் பார்த்து வடிவத்தைத் தேர்ந்தெடுத்து வாங்கிவிட்டால் பெரும்பாலும் சிக்கல்தான். ஹேண்டில்பார் தனிப் பொருள் அல்ல. அதைப் பிடிக்கும் ஸ்டெம், அதில் உட்காரும் பிரேக் லீவர், அந்த லீவர் இழுக்கும் பிரேக், கியர் ஷிஃப்டர், கேபிள் எல்லாமே அதோடு சேர்ந்து மாறும். லீவரும் பிரேக்கும் எவை என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருந்தும் வடிவத்தைத் தேடினால் செலவு குறையும்.

முதலில் விட்டம்

இரண்டு இடங்களில் விட்டம் பார்க்க வேண்டும். ஒன்று, ஸ்டெம் பிடிக்கும் நடுப்பகுதி. மற்றொன்று, கையும் லீவரும் இருக்கும் பகுதி.

நடுப்பகுதியில் அதிகம் கிடைப்பவை 25.4, 26.0, 31.8 மி.மீ. பழைய மலைச் சைக்கிள்களும் நகரச் சைக்கிள்களும் பெரும்பாலும் 25.4. பழைய ரேஸ் சைக்கிள்களின் வளைந்த பார் 26.0. பழைய சினெல்லி பார்களில் 26.4 உண்டு. இன்றைய சைக்கிள்களில் 31.8 பரவலாக இருக்கிறது; புதிய மலைச் சைக்கிள்கள் சிலவற்றில் 35. பிஎம்எக்ஸ் பார்களில் நடுப்பகுதியும் 22.2தான்.

வெர்னியர் காலிப்பர் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் மெல்லிய காகிதப் பட்டை ஒன்றை நடுப்பகுதியில் இறுக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, விளிம்பு சேரும் இடத்தில் பேனாவால் கோடிட்டு, பிரித்து ஸ்கேலில் அளக்கவும். 79.8 மி.மீ. வந்தால் விட்டம் 25.4. 81.7 வந்தால் 26.0. 83-ஐ ஒட்டி வந்தால் 26.4. 100-ஐ ஒட்டி வந்தால் 31.8. 25.4-க்கும் 26.0-க்கும் நடுவே விட்டத்தில் 0.6 மி.மீ.தான் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காகிதப் பட்டையில் அது கிட்டத்தட்ட 2 மி.மீ. ஆகிவிடுவதால் ஏமாற வாய்ப்பில்லை.

அந்த 0.6 மி.மீ.யை அலட்சியம் செய்யக்கூடாது. 26.0 ஸ்டெம்மில் 25.4 பாரை மாட்டி போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும், ஒரு பள்ளத்தில் இறங்கும்போது பார் சரேலென்று கீழே சுழன்றுவிடும். மேலும் முறுக்கினால் ஸ்டெம்மின் காது விரிசல் விடும். மாறாக 25.4 ஸ்டெம்மில் 26.0 பாரை நெம்பித் திணித்தால், பாரின் மேல் கீறல் விழும். அலுமினிய பாரில் உடைப்பு தொடங்குவது அப்படிப்பட்ட கீறலில்தான். 31.8 ஸ்டெம்மில் 25.4 அல்லது 26.0 பாரை மாட்ட அதற்கென்றே விற்கும் உலோக ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய வளையம்) போட்டுக்கொள்ளலாம், பயமில்லை. குளிர்பானக் கேனை வெட்டி ஷிம் செய்யும் பழக்கத்தை உயிர் தாங்கும் இந்த இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கைப்பிடிப் பகுதியில் இரண்டே விட்டங்கள்தான் முக்கியம். நேரான பார், உயரப் பார், பின்னோக்கி வளைந்த பார் ஆகியவற்றில் பெரும்பாலும் 22.2. ரேஸ் சைக்கிளின், கீழ்நோக்கி வளையும் டிராப் பாரில் 23.8. 22.2-க்கான லீவரும் ஷிஃப்டரும் கிரிப்பும் 23.8-ல் ஏறாது. ரோடு லீவர், அதாவது டிராப் பாருக்கான லீவர், 22.2-ல் ஏறும், ஆனால் அதன் பட்டை சரியாக இறுகாது. மாட்டுக்கொம்பு வடிவ புல்ஹார்ன், மீசை வடிவ மூஸ்டாஷ் பார்கள் பெரும்பாலும் 23.8. போர்ட்டர் வகை பார்கள் இரண்டிலும் வருகின்றன. இதை விற்பவரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே பணத்தைக் கொடுக்கவும்.

ஸ்டெம் என்ன வகை?

பழைய சைக்கிள்களில் ஃபோர்க்கின் குழாய்க்குள் இறங்கும் குயில் ஸ்டெம் இருக்கும். ஒரு அங்குல ஃபோர்க்குக்கு அதன் தண்டு 22.2 மி.மீ.; ஒன்றே அரைக்கால் (1⅛) அங்குல, அதாவது 28.6 மி.மீ. ஃபோர்க்குக்கு, 25.4. பழைய அமெரிக்க பிஎம்எக்ஸ் வகைகளில் 21.1, பழைய பிரெஞ்சு சைக்கிள்களில் 22.0 என்று விதிவிலக்குகள் உண்டு.

குயில் ஸ்டெம்மில் பார்க்க வேண்டிய இன்னொன்று, பாரைப் பிடிக்கும் முகப்பு. பல பழைய ஸ்டெம்களில் முகப்பு கழலாது; ஒரே போல்ட், ஒரு பிளவு, அவ்வளவுதான். பாரை ஒரு முனையிலிருந்து நுழைத்து, வளைவுகள் முழுவதையும் அந்தத் துளை வழியாகத் திருப்பித் திருப்பி நகர்த்த வேண்டும். வளைவு குறுகலாக உள்ள பார் பாதியில் சிக்கும். அப்போது போல்ட்டைக் கழற்றி, மறுபக்கத்திலிருந்து திருப்பி மாட்டி, பிளவில் ஒரு தட்டையான உலோகத் துண்டை வைத்து மெல்ல முறுக்கினால், போல்ட்டின் நுனி அந்தத் துண்டைத் தள்ளிப் பிளவைச் சற்றே விரிக்கும். ஒரு மி.மீ. போதும். இரும்பு ஸ்டெம் இதைத் தாங்கும். அலுமினியத்தில் மிக மிதமாகச் செய்யவும். வளைவு அதிகமான பார்தான் வேண்டும் என்றால், முகப்பு கழலும் குயில் ஸ்டெம் வாங்கிவிடுவது நல்லது. அல்லது 22.2 தண்டுள்ள அடாப்டரை இறக்கி, அதன் மேல் 28.6-க்கான புது ஸ்டெம்மை மாட்டலாம். அப்படிச் செய்தால் 31.8 பார்களின் உலகமே திறந்துவிடும்.

எந்த வடிவம்?

இங்கேதான் நிதானம் வேண்டும். சீட்டிலிருந்து கைப்பிடி வரை உள்ள தூரம் ஃபிரேமோடு சேர்ந்தே தீர்மானிக்கப்பட்டது. மலைச் சைக்கிள் ஃபிரேமின் மேல்குழாய் நீளமானது, நேரான பாருக்காகச் செய்தது. ரோடு ஃபிரேமின் மேல்குழாய் குட்டை, டிராப் பாருக்காகச் செய்தது.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். நேரான பாரில் பிடிக்கும் இடம் ஸ்டெம் முகப்புக்கு ஏறக்குறைய 30 மி.மீ. பின்னால் விழும். அதே இடத்தில் 75 மி.மீ. ரீச் (பார் முன்னோக்கி நீளும் தூரம்) உள்ள டிராப் பாரை மாட்டினால், கை ஊன்றும் லீவரின் மேட்டையும் சேர்த்து, கை முகப்புக்கு 100 மி.மீ. முன்னால் போய்விடும். மொத்தம் 130 மி.மீ. வித்தியாசம். 100 மி.மீ. ஸ்டெம்மைக் கழற்றிவிட்டு 50 மி.மீ. போட்டாலும் இன்னும் 80 மி.மீ. எட்ட வேண்டும். மலைச் சைக்கிளில் டிராப் பார் மாட்டியவர்கள் சில வாரங்களில் கழற்றிவிடுவதன் காரணம் இதுதான். அதைச் செய்தே ஆக வேண்டும் என்றால், உங்கள் உயரத்துக்கு ஓர் அளவு சிறிய ஃபிரேமில் செய்யுங்கள். ரீச் 70-80, டிராப் (பார் கீழிறங்கும் ஆழம்) 120-130 மி.மீ. உள்ள காம்பாக்ட் வகையை எடுங்கள். பழைய ஆழமான பார்களில் டிராப் 140-150 இருக்கும். இடுப்பு நன்றாக மடங்குபவர்களுக்கே அது ஒத்துவரும்.

எதிர்த்திசையிலும் இதே கதை. ரோடு ஃபிரேமில் நார்த் ரோடு வகை பார், அதாவது நிமிர்ந்து ஓட்டும் பழைய ரோட்ஸ்டர் சைக்கிள்களில் பார்க்கும், கைப்பிடி முழுக்கப் பின்னோக்கி வரும் பார் மாட்டினால் கை 200 மி.மீ.க்கு மேல் பின்னால் வந்துவிடும். நிமிர்ந்து உட்காரலாம், சுகம்தான். ஆனால் மூன்று விளைவுகள் வரும். கூர்மையாகத் திரும்பும்போது கைப்பிடி முனை முழங்காலில் இடிக்கலாம். எழுந்து நின்று மிதிக்கும்போது கை உடம்பை ஒட்டிவிடுவதால் சைக்கிள் அலைபாயும். கையில் இருந்த எடை பின்புறத்துக்கு இறங்குவதால் குறுகலான ரேஸ் சீட் குத்தும், அகலமான சீட் தேவைப்படும். 110 அல்லது 120 மி.மீ. ஸ்டெம் போட்டால் முதல் இரண்டும் பெருமளவு சரியாகும். பின்வளைந்த பாருக்கு நீண்ட ஸ்டெம் என்பது பலருக்கும் விசித்திரமாகத் தோன்றும். கணக்கு அதைத்தான் சொல்கிறது.

மணிக்கட்டு வலிதான் பிரச்சினை என்றால், இரண்டு பேனாக்களை எடுத்து இரண்டு உள்ளங்கைகளிலும் மூடிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, சைக்கிள் ஓட்டுவதுபோல் கைகளைத் தளர்வாக நீட்டவும். கண்ணைத் திறந்து பார்த்தால் பேனாக்கள் ஒரே நேர்கோட்டில் இருக்காது; வெளிமுனைகள் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் உங்கள் கைக்குத் தேவையான ஸ்வீப். சாதாரண மலைச் சைக்கிள் பாரில் அது 5 முதல் 9 டிகிரிதான். 15 முதல் 30 டிகிரி வரை வளைந்த பார்கள் தனியாகக் கிடைக்கின்றன. ஜோன்ஸ் ஹெச்-பாரில் 45 டிகிரி. கையின் நிலையை அடிக்கடி மாற்ற வேண்டிய நெடும்பயணத்துக்கு, எட்டு வடிவில் மடங்கிய பட்டர்ஃபிளை பார் நன்றாகவே உதவும். அது 22.2 லீவர்களை ஏற்கும் என்பதால் மலைச் சைக்கிளின் பிரேக், கியர் அனைத்தும் அப்படியே நகர்ந்துவிடும். பார்க்க அழகில்லை என்று பலர் ஒதுக்குகிறார்கள், அது நியாயமில்லை.

மூஸ்டாஷ் பார் 1992-ல் பிரிட்ஜ்ஸ்டோன் எக்ஸ்ஓ-1 சைக்கிளில் வந்து பலரைக் கவர்ந்தது. ரோடு லீவர் பொருந்தும், கைக்குப் பல நிலைகள் கிடைக்கும். ஆனால் முன்னும் பின்னும் நீளும் வடிவம் என்பதால் ஸ்டெம் குட்டையாகவும் உயரமாகவும் இல்லாவிட்டால் கழுத்து வலிக்கும்.

எதை வாங்குவது என்று தீர்மானிக்க முடியாதவருக்கு எங்கள் சிபாரிசு: 22.2 கைப்பிடி, மிதமான பின்வளைவு, சற்று உயரம். மலைச் சைக்கிளில் இருக்கும் லீவரும் ஷிஃப்டரும் கழன்று இதில் ஏறிவிடும். தவறாகப் போனாலும் இழப்பு பார் ஒன்றின் விலையே.

அகலம் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். டிராப் பாருக்குத் தோள் எலும்புகளின் இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள தூரம். சில நிறுவனங்கள் குழாயின் மையத்திலிருந்து மையம் வரை அளக்கின்றன, சில வெளிவிளிம்பிலிருந்து; இரண்டுக்கும் 2 செ.மீ. வித்தியாசம். நேரான பாரை அகலமாக வாங்கி, ஓட்டிப் பார்த்து, பக்கத்துக்கு 10 மி.மீ. வீதம் குறைத்துக்கொள்ளலாம். வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, நுண்பல் பிளேடால் அறுத்து, உள்ளும் வெளியும் அரம் போட்டுப் பிசிறை நீக்கவும். வெட்டும் முன் கிரிப்புக்கு 130 மி.மீ., அதற்கு உள்ளே லீவர், ஷிஃப்டர் பட்டைகளுக்கு 50-60 மி.மீ. என நேரான பகுதி மிஞ்சுகிறதா என்று பார்த்துக்கொள்ளவும். பின்வளைந்த பார்களில் இந்த நேர்ப்பகுதி குறைவாக இருந்தால் முறுக்கு ஷிஃப்டர் வளைவில் ஏறாது.

பிரேக்கும் லீவரும் ஜோடி

மொத்த வேலையிலும் ஆபத்தான தவறு இங்கேதான் நடக்கிறது. எல்லா லீவரும் ஒரே நீளத்துக்குக் கேபிளை இழுப்பதில்லை. ரிம்மை இடுக்கிபோல் பிடிக்கும் காலிப்பர், சென்டர்-புல், கான்டிலீவர் பிரேக்குகளுக்குக் குறைந்த இழுப்பு போதும். சக்கரத்தின் இருபுறமும் இரண்டு நீண்ட கைகள் நிற்கும் வி-பிரேக்குக்குக் கிட்டத்தட்ட இரு மடங்கு இழுப்பு வேண்டும். டிராப் பாருக்கான லீவர்கள் வழக்கமாகக் குறைந்த இழுப்பு வகை.

ரோடு லீவரை வி-பிரேக்குடன் இணைத்தால், கட்டை ரிம்மைத் தொடும் முன்பே லீவர் பாரில் முட்டிவிடும். தொடவைக்கக் கட்டையை நெருக்கினால், ரிம் துளி கோணினாலும் உராயும். மாறாக வி-பிரேக் லீவரைக் காலிப்பருடன் இணைத்தால், லீவர் கல்லைப்போல் இறுக்கமாக இருக்கும். பிரேக் நன்றாக இருக்கிறது என்று கை நம்பும், வண்டி நிற்காது. இந்த இரண்டாவது தவறு கூடுதல் ஆபத்து, ஏனென்றால் நிறுத்தி வைத்துச் சோதிக்கும்போது தெரியாது.

டிராப் பாரும் வி-பிரேக்கும் சேர்ந்தே வேண்டும் என்றால் வழிகள் உண்டு. அதிக இழுப்புள்ள ரோடு லீவர்கள் தனியாகக் கிடைக்கின்றன. 80-90 மி.மீ. கை நீளமுள்ள மினி வி-பிரேக் சாதாரண ரோடு லீவருக்கு ஒத்துவரும். இழுப்பை மாற்றித் தரும் சிறு உருளையும் போடலாம். கேபிள் டிஸ்க் பிரேக்கிலும் ரோடு வகை, மலை வகை என்று இரண்டு உண்டு. அந்த டிஸ்க் பிரேக்கின் மாடலைப் பார்த்து வாங்கவும்.

கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் கம்பி பிரேக் உள்ள பழைய ரோட்ஸ்டரைப் புதுப்பிப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. அதில் லீவரும் கம்பியும் பாரோடு சேர்ந்தே இருக்கும். பாரை மாற்றினால் பிரேக்கும் போகும். அதற்குப் பதில் காலிப்பர் மாட்டலாமே என்று தோன்றும். ஆனால் அந்தச் சக்கரத்தில் உள்ள வெஸ்ட்வுட் ரிம்மில் பிரேக் கட்டை அச்சை நோக்கிய உள்பக்கத்தில்தான் அழுத்தும். பக்கவாட்டில் உருண்டையாக இருக்கும், காலிப்பர் பிடிக்கத் தட்டையான சுவரே கிடையாது. ஆகவே ரிம்மையோ சக்கரத்தையோ மாற்ற வேண்டும், அல்லது டிரம் பிரேக் ஹப் போட வேண்டும். இரண்டும் முடியாது என்றால் பழைய பாரையே துருநீக்கி வைத்துக்கொள்வது உத்தமம்.

கியர் விஷயத்தில் சுருக்கமாக: ஷிமானோவில் 8, 9 ஸ்பீடு வரை ரோடு ஷிஃப்டரும் மலைச் சைக்கிளின் பின் டீரெய்லரும் (சங்கிலியைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் கருவி) பெரும்பாலும் ஒத்துப்போகும். 10 ஸ்பீடிலிருந்து ஒத்துப்போகாது. முன் டீரெய்லரில் ரோடும் மலையும் வேறு வேறு இழுப்பு. குழப்பமே வேண்டாம் என்றால் உராய்வு முறையில் இயங்கும், பாரின் முனையில் மாட்டும் பார்-எண்ட் அல்லது கட்டைவிரல் ஷிஃப்டர். கிளிக் இல்லாததால் எதோடும் வேலை செய்யும்.

மாட்டும் வேலை

கழற்றும் முன் சீட்டின் மூக்கிலிருந்து கைப்பிடியின் நடுவரை நூல் பிடித்து அளந்து எழுதிக்கொள்ளவும். தரையிலிருந்து கைப்பிடியின் உயரத்தையும். புதிய பாரில் ஏதாவது வலித்தால் எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதை இந்த இரண்டு எண்கள்தான் சொல்லும்.

குயில் ஸ்டெம்மைக் கழற்ற மேல் போல்ட்டை மூன்று நான்கு சுற்றுகள் மட்டும் தளர்த்தி, தலையில் மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் தட்டவும். உள்ளே உள்ள ஆப்பு விடுபடும். முழுக்கக் கழற்றிவிட்டு இழுத்தால் ஆப்பு குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். வராவிட்டால் துருநீக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடவும். திரும்ப மாட்டும்போது தண்டில் கிரீஸ் தாராளமாகத் தடவவும். குறைந்தபட்ச ஆழக் கோடு வெளியே தெரியவே கூடாது. உயரம் போதவில்லை என்றால் நீண்ட தண்டுள்ள ஸ்டெம் வாங்க வேண்டுமே தவிர, கோட்டைத் தாண்டி இழுக்கக் கூடாது. ஃபோர்க் குழாயே பிளந்துபோகும்.

முகப்பில் நான்கு போல்ட் இருந்தால் குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக இறுக்கவும். மேல் இடைவெளியும் கீழ் இடைவெளியும் ஒரே அளவில் இருக்க வேண்டும். பெரும்பாலான ஸ்டெம்களில் 5 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருக்கும், எழுதியிருப்பதே கணக்கு. கார்பன் பாருக்குக் கிரீஸ் கூடாது, அதற்கான பேஸ்ட் மட்டும்.

பிறகு லீவர்களைத் தளர்வாக மாட்டி, சீட்டில் உட்கார்ந்து இடம் பார்க்கவும். பின்வளைந்த பாரின் முனைகள் 5 முதல் 15 டிகிரி கீழே சரிந்திருந்தால் மணிக்கட்டு மடங்காது. டிராப் பாரில் மேலிருந்து லீவருக்குப் போகும் சரிவு, லீவரின் மேட்டோடு ஒரே மட்டமாகச் சேர வேண்டும். நடுவில் பள்ளம் விழுந்தால் உள்ளங்கையில் அங்கேதான் அழுத்தம்.

இடம் உறுதியான பிறகே கேபிள். பிரேக்குக்கு 5 மி.மீ. சுருள் அவுட்டர் (கேபிளின் வெளியுறை), கியருக்கு 4 மி.மீ. நெடுக்குக் கம்பி அவுட்டர். கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போட்டால் அழுத்தத்தில் வெடித்துப் பிரேக் இல்லாமல் போகும், ஒருபோதும் செய்யாதீர்கள். பிரேக் ஒயரின் தலையும் இரண்டு வகை: மலைச் சைக்கிள் லீவருக்கு உருளைத் தலை, ரோடு லீவருக்குப் பேரிக்காய்த் தலை. பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, அவுட்டர் இழுபடாமல், மடிந்தும் போகாமல் இருக்கும் நீளத்தில் வெட்டவும். பின்வளைந்த பாருக்குப் பழைய அவுட்டர் பெரும்பாலும் போதாது.

கிரிப் அல்லது டேப் கடைசி. டேப்பை முனையிலிருந்து தொடங்கி, மூன்றில் ஒரு பங்கு மேல்படிய, இழுத்துச் சுற்றவும். இரண்டு முனைகளிலும் அடைப்பான் கட்டாயம். திறந்த குழாய் விழும்போது உடம்பில் குத்தி வெட்டும்.

சாலைக்கு எடுத்துப்போகும் முன் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே பிடித்து, பாரை இரண்டு பக்கமும் பலமாகத் திருகவும். பிறகு லீவர்களின் மேல் முழு எடையையும் போட்டு அழுத்தவும். எதுவும் நகரக்கூடாது. நகர்ந்தால் முதலில் விட்டத்தைச் சந்தேகிக்கவும், பிறகுதான் முறுக்கை. முதல் 30, 40 கி.மீ. ஓட்டியதும் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி பார்க்கவும். புதுக் கேபிளும் அதற்குள் சற்றுத் தளர்ந்திருக்கும். பழைய அலுமினிய பாரை வாங்கி மாட்டியிருந்தால், ஸ்டெம் பிடிக்கும் இடத்தின் விளிம்பில் நகத்தால் வருடிப் பார்க்கவும். நகம் சிக்கும் கோடு ஏதாவது இருந்தாலோ, பார் எப்போதோ வளைந்து நிமிர்த்தப்பட்டிருந்தாலோ, அதை ஓட்டாமல் கழித்துவிடவும்.